விட்டுப் போனவர் பெயரும் சேர்த்து

தேவசேனா என்ற பேரை ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி ஊர்ச் சனம் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பத்திரிகையால்தான். அப்போது அவளுக்குப் பத்து வயசு இருக்கும். அவள் அப்பா ஆதிநாராயணனின் தங்கை யமுனாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கிற பொறுப்பு வீட்டுக்கு மூத்தவர் கங்கையாவுடையது. சாமி பேர், பெரியவர்கள் பேர், தாய்மாமன்கள் பேர், செத்துப் போனவர்களுக்கு முன்னால் ‘லேட்’ என்று எல்லாம் சரியாகப் போட்டு, கடைசியில் வீட்டுப் பிள்ளைகள் பேரை ஒரு வரியில் போட்டிருந்தார். கங்கையாவின் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். புத்தூரில் கட்டிக்கொடுத்த அக்காளின் பிள்ளைகள் இருந்தார்கள். தேவசேனா இல்லை. வரியில் இடம் போதவில்லை என்று பிரஸ்காரன் எடுத்துவிட்டானாம்.

மஞ்சள் தடவுவதற்காகக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்த பத்திரிகைகளை அந்தப் பெண் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பிரித்தாள். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் கோணல்மாணலாகத் தன் பேரை எழுதி, பழையபடி மடித்து உறையில் போட்டுவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. பத்திரிகை திருத்தணி போனது, நாராயணவனம் போனது, சத்தியவேடு போனது. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: “யாருப்பா இந்தத் தேவசேனா, சிவப்பு மையில தனியா நிக்கறா?”

மண்டபத்திலேயே கங்கையா அவள் காதைப் பிடித்துத் திருகினார்.

“இன்னாத்துக்குடி எழுதின?”

“நீ எழுதல பெரீப்பா. அதான் நான் எழுதினேன்.”

அந்தப் பதிலும் பேரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது.

ஆதிநாராயணன் பவர்லூம் ஓட்டுகிறவர். சொந்தத் தறி கிடையாது, முதலாளி தறிதான். மகளைப் படிக்க வைப்பதில் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. நகரியில் பள்ளிக்கூடம், பிறகு திருப்பதியில் கம்ப்யூட்டர் படிப்பு. ஊரில் அந்த வருஷங்களில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு. யாரோ ஒருத்தர் பிள்ளை ஐதராபாத் போனான், பெங்களூர் போனான், அங்கேயிருந்து அமெரிக்கா போனான். போகாத பிள்ளையைப் பெற்றவர்கள் சந்தைக்குப் போகவே கூசினார்கள். தேவசேனா எங்கும் போகவில்லை. திருப்பதியிலேயே ஹரிபாபு என்பவரின் கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு நீள அறை, ஏழெட்டு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் கேன். கரண்ட் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் “அய்யோ” என்பார்கள்.

அங்கே அவளோடு இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒருவன் நாகேந்திரன், வடமாலபேட்டைக்காரன், அதிகம் பேசமாட்டான். இன்னொருத்தி சந்தியா, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். மூன்று பேருமாகச் செய்ததுதான் அந்த மாங்காய் ப்ரோக்ராம்.

சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரிகள் நிறைய. சீசன் வந்துவிட்டால் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே சாலை நெடுக நிற்கும். டிராக்டருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு விவசாயிகள் காத்துக் கிடப்பார்கள். எம்.எல்.ஏ. ஆள் என்று ஒருவன் நடுவில் வண்டியை நுழைப்பான், அடிதடி நடக்கும், அதற்குள் பழம் அழுகிவிடும். இதற்கு ஒரு வழி செய்து தரச் சொல்லி ரங்கையா என்கிற ஃபேக்டரிக்காரர் ஹரிபாபுவிடம் வந்தார். யார் முதலில் வந்தது, யாருக்கு எந்த டோக்கன் என்ற வரிசையைத் தேவசேனா எழுதினாள். வண்டி எடைமேடையில் ஏறியதும் எடை தானாகவே கம்ப்யூட்டருக்கு வருகிற மாதிரி நாகேந்திரன் செய்தான். விவசாயி கையில் கொடுக்கிற சீட்டைத் தெலுங்கிலும் தமிழிலும் அடிக்க வைத்தது சந்தியா. இரண்டு சீசன் மூன்று பேரும் ஃபேக்டரி வாசலிலேயே நின்றார்கள். ஈ மொய்க்கும், செருப்பு ஒட்டும், துணியெல்லாம் புளித்த மாம்பழ வாடை அடிக்கும். “ஆஸ்டல்ல ஒருத்தியும் என் பக்கத்துல உக்காந்து துன்னறதில்லடி” என்று சந்தியா புலம்புவாள்.

ப்ரோக்ராம் நன்றாக ஓடியது. சுற்று வட்டாரத்தில் பல ஃபேக்டரிகள் வாங்கின. பிறகு நாகேந்திரன் பெங்களூர் போய்விட்டான். சந்தியாவை வேலூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தேவசேனா மட்டும் மிஞ்சினாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. ப்ரோக்ராமைத் திறந்தால் முதலில் ஒரு பக்கம் வரும், அதில் இன்னார் உருவாக்கியது என்று போடுவது வழக்கம். அதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஒருநாள் ஹரிபாபு ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே சாமி பேர், அதன் கீழே அவர் அப்பா பேர், அப்புறம் ‘உருவாக்கியவர்கள்’ என்று போட்டு அமெரிக்காவில் இருக்கிற மருமகன் சுரேஷ்பாபு, மருமகனுடைய தம்பி, இன்னும் இரண்டு மைத்துனன்மார்.

“இத்த முதல் பக்கத்துல போட்டுடும்மா. மன இண்ட்டி வாள்ளே, நம்ம வூட்டு ஆளுங்கதான்.”

தேவசேனா சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தாள். வேறு ஊர்க்காரப் பெண்ணாக இருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. பத்திரிகையில் வீட்டுப் பெரியவர்கள் பேரைப் போடுவதில்லையா, சமைக்கிறவன் பேரையா போடுகிறார்கள்? அது போல ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். பத்து வயசில் சிவப்புப் பேனா எடுத்தவள் இருபத்தாறு வயசில், தன் பேர் இல்லாத பக்கத்தைத் தன் கையாலேயே அடித்தாள்.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் நேர்காணலுக்குப் போனாள். வேலை கிடைத்தால் ஆதிநாராயணன் தறியை விட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கேள்வி கேட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில், இதுவரை என்ன செய்தாய் என்று கேட்டபோது மாங்காய் ப்ரோக்ராமைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதை எழுதினேன்னு எங்ககிட்ட வர்ற மூணாவது ஆளு நீங்க.”

“மூணாவதா?”

“சுரேஷ்பாபுன்னு ஒருத்தரை எங்க அமெரிக்கா ஆபீஸ்ல போன வருஷம் எடுத்தாங்க. போன மாசம் அவர் தம்பியும் அங்கேயே வந்தார். ரெண்டு பேரும் முதல் பக்கத்தையே பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தாங்க. அதுல அவங்க பேர் இருக்கு. உங்க பேர் இல்லையே.”

“அந்தப் பக்கத்த அடிச்சதே நான்தான் மேடம்.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவர் இல்லை. “நீங்க சொல்றது நிஜம்னே எனக்குத் தோணுது. ஆனா தோணுறத வெச்சு வேலை குடுக்க முடியாதும்மா. இது நீங்க செஞ்ச வேலைன்னு உங்க கம்பெனியில ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. ஒரு மாசம் உங்களுக்காக நிறுத்தி வெக்கிறேன்” என்றார்.

மறுநாள் காலை ஹரிபாபு சாமி படத்துக்குப் பூ வைத்து முடிப்பதற்குள் தேவசேனா போய் எதிரில் நின்றாள்.

“ஏமம்மா, மொகம் இப்படி கீது?”

“கடிதம் வேணும் சார். அந்த ப்ரோக்ராம நாங்க மூணு பேரு செஞ்சோம்னு.”

ஹரிபாபு உட்கார்ந்தார். மேசையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார். புது காண்ட்ராக்ட். எல்லோருக்கும் வருகிறது, முதலில் உனக்குத்தான் என்றார். தேவசேனா படித்துப் பார்த்தாள். கம்பெனியில் செய்த வேலையெல்லாம் கம்பெனிக்கே சொந்தம். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை, சம்பளம் வாங்கித்தான் செய்தாள். அடுத்த வரிதான் குத்தியது. இன்ன வேலையை நான் செய்தேன் என்று வேலை செய்பவர் வெளியில் எங்கும், எந்த நேர்காணலிலும், எழுத்திலோ பேச்சிலோ சொல்லக் கூடாது.

“அப்ப உங்க மருமகன் மட்டும் சொல்லலாமா சார்?”

“அவன் எங்க வூட்டு புள்ளம்மா.”

“புள்ள உங்க வூட்டுதுன்னு சொல்லிக்குங்க. ப்ரோக்ராம பெத்தது நாங்க.”

ஹரிபாபுவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சிரித்தார். “நீ இன்னா, கோயில் டியூப்லைட்டு மாதிரி உபயம் தேவசேனான்னு போட்டுக்க சொல்றியா?”

“கங்கம்மா கோயில்ல நீங்க குடுத்த ஃபேன்ல மூணு ரெக்கையிலயும் உங்க பேரு கீது. சுத்தறப்ப படிக்கவே முடியாது, அப்பயும் போட்டீங்க. நான் சுத்தாத எடத்துல ஒரே ஒரு வாட்டி கேக்கறேன்.”

அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் இவர்கள் பக்கமே காதைக் கொடுத்திருந்தார்கள். ஹரிபாபு குரலைத் தாழ்த்தினார்.

“சூடம்மா, இங்க பாரு. நீ நல்ல பொண்ணு. கையெழுத்து போடு. உனக்கு மட்டும் இப்பவே கடிதம் அடிச்சி தரேன். சென்னைக்கு எடுத்துக்கினு போ. முதல் பக்கத்துலயும் சுரேஷ்பாபு பேருக்கு கீழ உன் பேர போட்டுடலாம்.”

சென்னை வேலை அந்த மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம். தேவசேனா கை நீட்டவில்லை.

“நாகேந்திரன் பேரு? சந்தியா பேரு?”

“அவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க இல்ல! போனவங்க பேரு எதுக்கு?”

“செத்துப்போன மாமன் பேரையே லேட்டுன்னு போட்டு பத்திரிகை அடிக்கறோம் சார். இவங்க உசிரோட கீறாங்க.”

அவளே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினாள். வேலையைச் செய்தவர் பெயர் முதல் பக்கத்திலும் கடிதத்திலும் இருக்க வேண்டும். விட்டுப் போனவர் பெயரும் சேர்த்து. செய்யாதவர் பெயர் கூடாது. இந்த வரிகள் உள்ளே வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லித் தாளை அவர் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயம் நகரிக்கு எட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. அப்போது அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கங்கையா அலறிக்கொண்டு வந்தார்.

“பொட்டப் புள்ளைக்கு வேல குடுத்த மொதலாளிகிட்ட இன்னா வாயி? கடிதம் தரேன்னு சொல்லசொல்ல வாங்கிக்கினு வரவேண்டியதுதான? அந்தப் பையன் உனக்கு மாமனா, மச்சானா?”

“ரெண்டும் இல்ல பெரீப்பா. எங்கூட நின்னு செஞ்சான்.”

ஆதிநாராயணன் மகளுக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், அவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். தறியை விடுகிற நினைப்பில் இருந்த மனிதர், என்ன செய்வார்? “உன் இஷ்டம்மா” என்று மட்டும் சொன்னார். அது வாய்தான் சொன்னது.

சந்தியாவுக்குப் போன் செய்தாள். அவள் அதற்கு மேல். “எம்பேரு இன்னாத்துக்குடி இனிமே? நான் இங்க புள்ளைக்கு சோறு ஊட்டிக்கினு கீறேன். நீ வாங்கிக்கினு போவியா...”

“வேணாம்னா உன் பேர நீயே வந்து அழிடி. நான் அழிக்க மாட்டேன்.”

பேசுவதை நிறுத்தாதவள் நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாக, “அந்த தெலுங்கு சீட்டு நான் செஞ்சதுதான் இல்ல?” என்றாள்.

மாங்காய் சீசன் வந்துவிட்டது. ரங்கையா ஃபேக்டரியில் முதல் கூழ் எடுக்கிற பூஜை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மிஷினை ஓட்டுவதற்கு முன்னால், பாய்லர் போட்டவன், பைப் பொருத்தியவன், ஒயர் இழுத்தவன் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தாம்பூலத் தட்டில் ஒரு புதுத் துண்டை வைத்து ரங்கையாவே கொடுப்பார். செய்தவன் கை வாங்க வேண்டும். வேறு கை வாங்கினால் அந்த மிஷின் அந்த சீசனில் தகராறு செய்யும் என்பது அவர் நம்பிக்கை. ஒரு வருஷம் ஃபிட்டருக்குப் பதில் அவன் மச்சான் வந்து வாங்கினான், அந்த வருஷம் பாய்லர் வெடித்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருஷம் ப்ரோக்ராமைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஹரிபாபுவோடு புது காண்ட்ராக்டும் அன்றைக்குத்தான் கையெழுத்தாவதாக இருந்தது. ஹரிபாபு பட்டு வேட்டியில் வந்திருந்தார். தேவசேனா கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள். அவளும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அவரும் இன்னும் கடிதம் தரவில்லை. வெளியே டிராக்டர்கள் வரிசையில் நின்றன.

பாய்லர்காரன் வாங்கினான், ஒயர்காரன் வாங்கினான். கம்ப்யூட்டருக்கும் துண்டு எடுத்திருந்தார்கள். குமாஸ்தா திரையைப் பார்த்துத் தெலுங்கு மரியாதையோடு படித்தார்.

“சுரேஷ்பாபு காரு!”

யாரும் வரவில்லை.

“மருமகன் அமெரிக்காவுல கீறாருங்க. நான் வாங்கிக்கறேன்” என்று ஹரிபாபு முன்னால் வந்தார்.

ரங்கையா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “ஒத்துங்க. செஞ்சவன் கைதான் வாங்கணும். அடுத்த பேரு சொல்லுப்பா.”

அடுத்த பேரும் அமெரிக்கா. அடுத்தது ஐதராபாத். கடைசிப் பேர்க்காரன் எங்கே இருக்கிறான் என்று ஹரிபாபுவுக்கே சட்டென்று சொல்ல வரவில்லை. தட்டில் துண்டுகள் அப்படியே கிடந்தன. எடைமேடைக்காரன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“ஏமய்யா ஹரிபாபு,” என்றார் ரங்கையா, “என் ஃபேக்டரிய நடத்தறவன் ஒருத்தனும் இந்த ஊர்ல இல்லயா? வாங்க ஆள் இல்லாத துண்ட வெச்சிக்கினு நான் எப்பிடி மிஷின போடறது?”

“ஆள் கீறேன் சார்,” என்றாள் தேவசேனா. “நான்தான் எழுதினேன். என்கூட ரெண்டு பேரு. நாகேந்திரன், சந்தியா.”

எடைமேடைக்காரன் இப்போது வாயைத் திறந்தான். “ஆமாங்க. மூணு பேரும் இங்கதான் ஈ ஓட்டிக்கினு நின்னாங்க. இந்த ஸ்க்ரீன்ல எழுதியிருக்கற சுரேஷ்பாபு யாருன்னு நான் பாத்ததே இல்ல.”

“இவளும் ஒத்தாசை பண்ணாள்தான்” என்று ஹரிபாபு அவசரமாகச் சொன்னார். “வாம்மா, வாங்கிக்க. நீயே வாங்கிக்க.”

ரங்கையா ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவசேனா வாங்கவில்லை.

“இத வாங்கினா நாளைக்கு நான் தனியா செஞ்சேன்னு ஆயிடும் சார். துண்டு வேணாம். நீங்க கையெழுத்து போடற காண்ட்ராக்ட்ல ஒரு வரி எழுதுங்க. செஞ்சவங்க பேரு மட்டும் இருக்கணும், விட்டுப் போனவங்க பேரும் சேத்து. அப்பறம் வாங்கிக்கறேன்.”

“பெரிய ஆளுங்க பேசற எடத்துல...” என்று ஹரிபாபு ஆரம்பித்தார்.

“நீ சும்மா இரு” என்றார் ரங்கையா. அவருக்கு நியாயம் பெரிதாகப் பட்டதா, பாய்லர் பயம் பெரிதாகப் பட்டதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, அந்த வரியைக் காண்ட்ராக்டில் அவள் சொன்னபடியே பேனாவால் எழுதச் சொன்னார். ஹரிபாபு வெளியே நிற்கிற டிராக்டர்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எழுதிய வரிக்குப் பக்கத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். காகிதம் கிழியாதது அதிசயம். தேவசேனா அங்கேயே, நின்றபடியே முதல் பக்கத்தை மாற்றினாள். சுரேஷ்பாபு போனான், அவன் தம்பி போனான், மைத்துனன்மார் போனார்கள். புதிதாக மூன்று பேர்கள் வந்தன. குமாஸ்தா மறுபடி படித்தார். அவள் தன் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். மற்ற இரண்டையும் அவர்கள் வந்து வாங்கட்டும், எடுத்து வையுங்கள் என்றாள்.

மறுநாள் ஹரிபாபு அவளை உள்ளே விடவில்லை. வாய் திறக்கக் கூடாது என்ற அந்தக் காண்ட்ராக்டில் கடைசிவரை அவள் கையெழுத்து விழவே இல்லை. சென்னைக்காரர்கள் சொன்ன மாசம் அதற்குள் கடந்துபோயிருந்தது, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்த சம்பந்தமும் நின்றது. பெண்ணுக்கு வாய் நீளம் என்று சொல்லி அனுப்பினார்கள். “ஆமா, அளந்துதான் சொன்னாங்களா?” என்று கேட்டாள் தேவசேனா.

ஆதிநாராயணன் இன்னும் சில வருஷம் தறி ஓட்ட வேண்டியிருந்தது. அது அவளுக்கு உறுத்தியது, இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள், கிடைத்த கம்ப்யூட்டர் வேலையெல்லாம் செய்தாள். கையெழுத்துக்கு ஒரு காகிதம் வந்தால் கடைசி எழுத்துவரை படித்துவிட்டு, பேர் எங்கே என்று கேட்பாள். இல்லை என்றால் கிளம்பிவிடுவாள். அப்படிக் கிளம்பி வந்த இடங்கள் நிறைய.

நாகேந்திரன் பெங்களூரிலிருந்து ஒரு சீசனில் வந்து தன் துண்டை வாங்கிக்கொண்டு போனான். அந்த முதல் பக்கத்தைக் காட்டித்தான் அவனுக்கு அடுத்த வேலை கிடைத்தது. சந்தியா வரவே இல்லை. ரங்கையா இறந்த பிறகு அவள் துண்டு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அவள் பேர் மட்டும் முதல் பக்கத்தில் இருந்தது.

சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டி என்கிற தொழிற்பேட்டை வந்து ஃபேக்டரிகள் முளைத்தபோது, அங்கே ஒன்றில் தேவசேனாவைக் கூப்பிட்டார்கள். செய்தவர் பெயர் பற்றிய வரியைக் காண்ட்ராக்டில் சேர்க்க முதலில் தயங்கினார்கள். அவள் எழுந்து வாசல்வரை வந்துவிட்டாள். பிறகு கூப்பிட்டுச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இப்போது தேவசேனா வரதய்யபாளையத்தில், பிற்பாடு கட்டிக்கொண்ட புருஷனோடும் தறியை விட்டுவிட்ட அப்பாவோடும் குடியிருக்கிறாள். ஸ்ரீ சிட்டிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் அதே வேலையைத்தான் செய்கிறாள்.